செத்த லேபிள் பிழைத்து வந்த கதை

தென்மாவட்டத்தில் மளிகைக் கடையும், அதை ஒட்டிச் சொந்தமாகப் பலகாரத் தயாரிப்பும் நடத்தும் வாசகர் ஒருவர் நீளமான கடிதம் எழுதியிருக்கிறார். கடை, பேக்கிங் ஷெட், குடோன் என்று ஆறு லேபிள் பிரிண்டர்கள் வைத்திருக்கிறார். ஆறும் ஒரே நெட்வொர்க்கில் இருக்கின்றன. 2025 செப்டம்பர் 22 அன்று ஜிஎஸ்டி குறைந்தபோது மிக்சருக்கான வரி 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதத்துக்கு இறங்கியது. அவருடைய 112 ரூபாய் பாக்கெட் 105 ரூபாய் ஆனது. புது விலையோடு புது லேபிள் கோப்பு தயாரித்து, வேறு பெயர் கொடுத்து ஏற்றினார். பழைய 112 ரூபாய்க் கோப்பை அழித்தார். மூன்று வாரம் எந்தத் தொந்தரவும் இல்லை. தீபாவளி நெரிசலில் வேலைக்கு வந்த புதுப் பையன் பட்டியலில் முதலில் தெரிந்த மிக்சரைத் தட்ட, 112 ரூபாய் லேபிள் வரிசையாக வந்து விழுந்திருக்கிறது. போய்ப் பார்த்தால் செத்துப்போன கோப்பு ஆறு பிரிண்டரிலும் இருக்கிறது. ஒன்றில் அழித்தால் அரை மணி நேரத்தில் மறுபடி வந்துவிடுகிறது.

“இது வைரஸா சார்? எல்லா பிரிண்டரையும் கிளவுடில் சேர்த்துவிட்டால் செயற்கை நுண்ணறிவே பார்த்துக்கொள்ளும் என்று ஒரு விற்பனைப் பிரதிநிதி மாதச் சந்தா கேட்கிறார். சேரலாமா?” என்று முடிக்கிறார். கடிதத்தின் அடியில், பின்குறிப்பாக, ஒரு வரி: செப்டம்பரில் குடோன் பிரிண்டர் ரிப்பேருக்குப் போயிருந்தது, தீபாவளிக்கு முந்தின வாரம்தான் திரும்பியது.

வைரஸ் இல்லை. சந்தாவும் வேண்டாம். அந்தப் பின்குறிப்பில்தான் விஷயமே இருக்கிறது.

லேபிள் பிரிண்டர் என்பது கணினி சொன்னதை அச்சிடும் வெறும் இயந்திரம் இல்லை. உள்ளே சின்னதாக ஒரு கோப்புக் கிடங்கே உண்டு. ஜீப்ரா நிறுவனத்தின் பிரிண்டர்களை எடுத்துக்கொள்ளலாம். அவற்றின் கட்டளை மொழியான இசட்பிஎல்லை வேறு பல கம்பெனிகளின் பிரிண்டர்களும் புரிந்துகொள்கின்றன. லேபிளின் வடிவம், லோகோ, எழுத்துரு ஆகியவற்றை ஒரு தடவை ஏற்றிவிட்டால் போதும். அதன்பின் ‘இந்த வடிவத்தை எடு, இந்தத் தேதியைப் போடு, நாற்பது அடி’ என்று இரண்டு வரி அனுப்பினால் வேலை முடிந்தது. ஏற்றுவதற்கு இரண்டு முக்கியமான இடங்கள். ஈ டிரைவ் நிரந்தரம். ஆர் டிரைவ் தற்காலிகம். கரண்ட் போனால் அதில் இருப்பதும் போய்விடும். எந்த டிரைவ் என்று சொல்லாமல் வடிவத்தைச் சேமித்தால் அது ஆர் டிரைவுக்குத்தான் போகும். இந்த ஏற்பாட்டை யோசித்தவர் மின்வெட்டு இல்லாத ஊர்க்காரராக இருக்க வேண்டும்.

வாசகரின் கடையிலும் அதுதான் நடந்திருக்கிறது. கரண்ட் போய் வரும்போதெல்லாம் ஏதாவது ஒரு பிரிண்டரில் லேபிள் காணாமல் போகும். தொல்லை பொறுக்காமல் தெரிந்த கம்ப்யூட்டர் பையன் ஒருவனைக் கூப்பிட்டு ஒரு புரோகிராம் எழுதி வாங்கினார். அது அரை மணிக்கு ஒரு தடவை ஆறு பிரிண்டரையும் சுற்றி வரும். ஒன்றில் இருக்கும் கோப்பு இன்னொன்றில் இல்லையென்றால் அங்கே நகல் எடுத்து வைக்கும். நல்ல யோசனை. ஆண்டுக்கணக்கில் ஒழுங்காக ஓடியிருக்கிறது. பழுதே இல்லாத அந்தப் புரோகிராம்தான் செத்த லேபிளை எழுப்பிக்கொண்டிருக்கிறது.

அதற்கு முன் சின்ன விஷயம் ஒன்றைப் பார்த்துவிடலாம். பிரிண்டரிடம் கோப்புப் பட்டியல் கேட்டால் வழக்கமாகப் பெயரையும், எத்தனை பைட் என்பதையும் சொல்லும். எப்போது எழுதப்பட்டது என்று சொல்லாது. வாசகர் புதுப் பெயர் கொடுக்காமல் பழைய கோப்பிலேயே 112 என்பதை 105 ஆக்கியிருந்தால்? மூன்று இலக்கம் போய் மூன்று இலக்கம் வந்திருக்கும். அளவில் ஒரு பைட் வித்தியாசம் இருக்காது. பெயரையும் அளவையும் மட்டும் பார்க்கும் எந்தப் புரோகிராமும் “எல்லாம் ஒன்றுதான்” என்று சான்று கொடுத்துவிட்டுப் போயிருக்கும். உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்ட சரிபார்ப்பு எண்ணை ஒப்பிட்டால்தான் குட்டு வெளிப்படும். 16 பிட் சிஆர்சி எண் ஒன்று போதும்: அடுத்தடுத்த 16 பிட்டுக்குள் அடங்கும் எந்த மாற்றத்தையும் அது தவறாமல் பிடிக்கும் என்று கணிதமே உத்தரவாதம் தருகிறது. 112, 105 இரண்டிலும் மாறுவது பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டே எழுத்துகள், அதாவது சரியாக 16 பிட். விலை ஒரே இடத்தில் அச்சாகியிருந்தால் தப்பவே முடியாது. இதில் எனக்கு ஒரு அற்ப சந்தோஷம்.

இனி அழிப்பதற்கு வருவோம். ஒரு பிரிண்டரில் கோப்பு இருக்கிறது, இன்னொன்றில் இல்லை. என்ன நடந்திருக்கும்? புதுக் கோப்பு இரண்டாவதற்கு இன்னும் போய்ச் சேரவில்லை என்று இருக்கலாம். போய்ச் சேர்ந்து, கரண்ட் போனதில் தொலைந்திருக்கலாம். முதலாளி வேண்டுமென்றே அழித்திருக்கலாம். முதல் இரண்டுக்கும் நகல் எடுத்து வைப்பதுதான் சரியான வைத்தியம். மூன்றாவதற்கு அதுவே விஷம். ஆனால் வெளியிலிருந்து பார்த்தால் மூன்றும் ஒன்று போலவே தெரியும். காலி இடத்துக்கு வாய் கிடையாது. தான் எப்படிக் காலியானேன் என்று அது சொல்லாது.

இதைக் கல்யாண அழைப்புப் பட்டியலில் வைத்துப் பார்த்தால் பளிச்சென்று தெரியும். சென்னையில் அண்ணன், மதுரையில் தம்பி, கோவையில் அக்கா. ஆளுக்கொரு நோட்டில் அழைக்க வேண்டியவர்கள் பட்டியல். ராத்திரி போன் போட்டு ஒருவர் விட்டதை மற்றவர் சேர்த்துக்கொள்வது என்று ஏற்பாடு. நிலத் தகராறில் மனம் கசந்து அண்ணன் பெரிய மாமா பெயரை ரப்பர் வைத்து அழிக்கிறார். அன்று இரவே தம்பி போன்: “அண்ணே, உங்க நோட்டுல பெரிய மாமா பேரு விட்டுப்போச்சே.” எடுத்தது அண்ணி. அவர் பாட்டுக்கு எழுதிவிட்டார். மாமா மறுபடி பட்டியலில். நாலு தடவை அழித்தாலும் நாலு தடவை வருவார். யாரும் தப்பு செய்யவில்லை. எல்லோரும் ஏற்பாட்டை அட்சரசுத்தமாகக் கடைப்பிடித்தார்கள்.

1980-களில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் உள் நெட்வொர்க்கில் இதே வம்பு பெரிய அளவில் நடந்தது. ஊழியர், சர்வர், பிரிண்டர் என ஒவ்வொன்றும் எந்த முகவரியில் இருக்கிறது என்று சொல்லும் ‘கிளியரிங்ஹவுஸ்’ என்ற பதிவேடு அங்கே இருந்தது. அதன் சில பகுதிகளின் நகல்கள் சுமார் 300 சர்வர்களில் கிடந்தன. ராத்திரியில் அவை ஒன்றோடொன்று ஒப்பிட்டுக்கொள்ளும். வித்தியாசம் கண்டால் சரியான பதிவை எல்லோருக்கும் தபாலில் அனுப்பும். 300 பேரும் 300 பேருக்கு அனுப்பினால் ஒரே இரவில் 90,000 தபால். நெட்வொர்க் திணறியது. கலிபோர்னியாவில் ஜெராக்ஸின் பாலோ ஆல்டோ ஆய்வு மையத்தில் ஆலன் டெமர்ஸும் சகாக்களும் உட்கார்ந்து யோசித்து 1987-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். தொற்றுநோய் பரவும் கணக்கையே தகவல் பரப்பும் முறையாக மாற்றிவிட்டார்கள். யாரும் எல்லோருக்கும் அனுப்ப வேண்டாம். ஒவ்வொரு சர்வரும் அவ்வப்போது குருட்டாம்போக்கில் ஒரு சர்வரைத் தேர்ந்தெடுத்து ஒப்பிட்டு, குறையை நிரப்பிக்கொண்டால் போதும். 300 இடங்களுக்கும் செய்தி பரவப் பதினான்கு, பதினைந்து சுற்றுக்கு மேல் ஆகாது. இதைப் பற்றிப் புகழ்ந்து எழுத ஆட்கள் நிறைய இருக்கிறார்கள். எனக்குப் பிடித்தது அந்தக் கட்டுரையில் அதற்குப் பின்னால் வரும் பகுதி: இவ்வளவு அருமையாகப் பரவும் முறையில் எதையும் அழிக்க முடியாது என்று அவர்கள் கண்டுகொண்ட இடம்.

அவர்கள் சொன்ன தீர்வின் பெயர் இறப்புச் சான்றிதழ். பெயர் என்னுடையது இல்லை, கட்டுரையிலேயே அப்படித்தான். ஒரு பதிவை அழிக்க வேண்டுமா? அழிக்காதே. அதன் இடத்தில் ‘இது இன்ன நேரத்தில் இறந்தது’ என்று ஒரு புதுப் பதிவை எழுது. அந்தச் சான்றிதழும் மற்றப் பதிவுகளைப் போலவே சர்வருக்குச் சர்வர் பரவும். போகிற இடத்தில் தன்னைவிடப் பழைய நகலைக் கண்டால் அதைத் தீர்த்துவிட்டு அங்கே உட்கார்ந்துகொள்ளும். அண்ணன் ரப்பரைத் தூரப் போட்டுவிட்டு, மாமா பெயர் மேல் ஒரு கோடு இழுத்துப் பக்கத்தில் தேதி போட்டிருந்தால் அன்றைக்கே பிரச்சினை தீர்ந்திருக்கும். தம்பி போன் செய்யும்போது அண்ணியே கோட்டைப் பார்த்துச் சொல்லியிருப்பார்: “அவரை அடிச்சாச்சு தம்பி, நீங்களும் அடிச்சிருங்க.”

ஆக, அழிப்பதற்குக் கூடுதலாக எழுத வேண்டியிருக்கிறது. இடம் மிச்சமாகட்டும் என்று கோப்பை அழித்தால் இடம் முழுதாக மிச்சமாகாது. சான்றிதழ் ஒன்று அங்கே உட்கார்ந்திருக்கும். எத்தனை நாளைக்கு? இங்கேதான் ரசமான சிக்கல். நோட்டு முழுக்க அடித்த கோடுகளாகிப் போனால் யாரை அழைப்பது என்றே தெரியாது. ஒரு கட்டத்தில் சுத்தமாகப் புது நோட்டில் எழுதித்தான் ஆக வேண்டும். 30 நாள் என்று ஒரு கெடு வைக்கலாம் என்றது ஜெராக்ஸ் குழு, உதாரணத்துக்கு. 30 நாளில் செய்தி எல்லோருக்கும் போயிருக்கும். அதன்பின் சான்றிதழைத் தூக்கிப் போடு. சரி. ஆனால் அந்த 30 நாளும் தொடர்பிலேயே இல்லாமல் சிங்கப்பூரில் இருந்த சின்ன மாமா பழைய நோட்டோடு வந்து இறங்கினால்? அவர் நோட்டில் பெரிய மாமா கோடு இல்லாமல் கம்பீரமாக இருக்கிறார். அவரை அடித்தது யாருக்கும் நினைவில் இல்லை. மறுநாள் பெரிய மாமாவுக்குப் பத்திரிகை போய்விடும்.

இதற்குக் குழுவின் விடை எனக்கு மிகவும் பிடித்தது. எல்லோரும் கோட்டை மறக்கலாம். பாட்டி மட்டும் மறக்கக் கூடாது. 300 சர்வர்களில் ஏதோ நாலைந்து மட்டும் சான்றிதழை வருடக்கணக்கில் தூங்கும் நிலையில் வைத்திருக்கும். நாலு இடத்தில் மட்டும் வைத்தால், 300 இடத்திலும் வைப்பதற்கு ஆகும் அதே மொத்த இடத்தில் 75 மடங்கு காலம் வைத்திருக்கலாம். தூங்கும் சான்றிதழ் யாரிடமும் பேசாது, பரவாது. ஆனால் சிங்கப்பூர் நோட்டிலிருந்து அந்தப் பெயரை யாராவது வாசித்தால் பாட்டி கண்ணைத் திறந்து, “அவனை அடிச்சு வருஷம் மூணாச்சேடா!” என்பாள். சான்றிதழ் விழித்துக்கொண்டு மறுபடி எல்லாச் சர்வருக்கும் பரவும். கட்டுரை இதை உடலின் நோய் எதிர்ப்பு நினைவோடு ஒப்பிடுகிறது. நமக்குப் பாட்டி போதும்.

இன்னும் ஒரு முடிச்சு பாக்கி. நடுவில் சமரசமாகி, பெரிய மாமாவே வாழைத்தாரோடு வந்து நின்று, பெயரை முறைப்படி மறுபடி எழுதியாயிற்று என்று வையுங்கள். பாட்டிக்கு அந்தச் சேதி வரவில்லை. இப்போது அவள் போடும் கூச்சலுக்கு இன்றைய தேதி போட்டால், அது சமரசத் தேதியைவிடப் புதியதாகிவிடும். அழைத்த மாமாவை மறுபடி வெட்டிவிடும். ஆகவே விழித்தெழும் சான்றிதழுக்கு இரண்டு தேதி. ஒன்று, சண்டை நடந்த அசல் தேதி: எந்தப் பதிவை வெட்டலாம் என்று தீர்மானிக்க இது. மற்றது, விழித்த தேதி: எத்தனை நாள் பரவிவிட்டு மறுபடி தூங்கப் போகலாம் என்று கணக்கிட மட்டும் இது. சமரசம் அசல் தேதிக்குப் பிந்தியது என்பதால் மாமா தப்பிப்பார். இதற்கு மேல் உவமையை இழுத்தால் கல்யாணமே நின்றுவிடும். ஆனால் அந்த இரண்டாவது தேதியைக் கண்டுபிடித்தவர் யாராக இருந்தாலும் அவருக்கு என் வணக்கம்.

இப்போது வாசகரின் ஷெட்டுக்கு வருவோம். செப்டம்பரில் ஐந்து பிரிண்டரிலிருந்தும் பழைய கோப்பு போனது. ஆறாவது ரிப்பேர்க் கடையில் கிடந்தது. அதன் ஈ டிரைவில், கரண்டே இல்லாமல் பத்திரமாக, 112 ரூபாய் லேபிள். மூன்று வாரம் கழித்துக் கேபிளைச் செருகினார்கள். அடுத்த அரை மணிச் சுற்றில் புரோகிராம் பார்த்தது: ஒன்றில் இருக்கிறது, ஐந்தில் இல்லை. பாவம், கரண்ட் போயிருக்கும் என்று ஐந்துக்கும் நகல் எடுத்து வைத்துவிட்டது. ஒன்றில் அழித்தால் மற்ற ஐந்தும் சேர்ந்து அதை எழுப்புகின்றன.

வரலாறு இல்லாமல் அறிவியல் கட்டுரையா என்று கோபிப்பவர்களுக்காக: கடையில் பார்கோடு முதன்முதலாக ஸ்கேன் ஆனது 1974 ஜூன் 26, அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் டிராய் என்ற ஊர், பொருள், ஒரு பாக்கெட் சூயிங்கம். எட் கப்லானும் கெர்ஹார்ட் கிளெஸ்ஸும் 1969-இல் தொடங்கிய டேட்டா ஸ்பெஷாலிட்டீஸ் என்ற கம்பெனி 1982-இல் வெப்பத்தால் அச்சிடும் பார்கோடு பிரிண்டரைக் கொண்டுவந்தது; 1986-இல் ஜீப்ரா என்று பெயர் மாற்றிக்கொண்டது. போதும்.

ஜெராக்ஸின் தீர்வு வந்து இத்தனை வருடம் ஆகியும் சிக்கல் ஒழிந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். ஃபேஸ்புக் 2008-இல் பொதுவில் விட்ட கசாண்ட்ரா என்ற தரவுத்தளம் இன்று பெரிய பெரிய நிறுவனங்களில் ஓடுகிறது. அதில் அழித்த பதிவின் மேல் வைக்கும் குறிக்குக் கல்லறைக் கல் என்று பெயர். யாரும் மாற்றாவிட்டால் அதன் ஆயுள் 8,64,000 விநாடி, அதாவது 10 நாள். ஒரு சர்வர் அதைவிட நீண்ட நாள் படுத்துக் கிடந்துவிட்டு எழுந்தால் செத்த தரவெல்லாம் அதோடு எழுந்து வரும். நம் வாசகரின் குடோன் பிரிண்டர் மூன்று வாரம் வெளியில் இருந்தது. 30 நாள் கெடு என்றால் பிழைத்திருப்பார். 10 நாள் கெடு என்றால், கோடி கோடியாய்ச் செலவழித்துக் கட்டிய அமைப்பிலும் அவருக்கு அதே 112 ரூபாய் லேபிள்தான் வந்து விழுந்திருக்கும். கைபேசியில் அழித்த தொடர்பு எண் திடீரென்று திரும்பி வந்து முறைக்கும்போதும் எங்கோ ஒரு சான்றிதழ் காலாவதியாகியிருக்கலாம், அல்லது எழுதப்படாமலே போயிருக்கலாம்.

இதில் செயற்கை நுண்ணறிவுக்கு என்ன வேலை? ஒன்றுமில்லை. கோப்பு ஏன் இல்லை என்ற தகவல் எங்கும் எழுதப்படவில்லை. எழுதாததை எந்த நுண்ணறிவும் வாசிக்க முடியாது. கிளவுட் என்பது வேறொருவர் இடத்தில் இருக்கும் கணினி. அங்கே சான்றிதழ் எழுதுகிறார்களா, எத்தனை நாள் வைத்திருக்கிறார்கள் என்பது விளம்பரத் தாளில் இருக்காது.

ஆறு பிரிண்டருக்குச் சான்றிதழ், பாட்டி எதுவுமே தேவையில்லை என்பதுதான் வேடிக்கை. ஜெராக்ஸில் எந்தச் சர்வரிலும் யாரும் பதிவை மாற்றலாம். அதனால்தான் அத்தனை பாடு. கடையில் லேபிளை மாற்றுவது முதலாளி ஒருவர்தான். கல்லாவில் இருக்கும் கணினியில் ஒரு ஃபோல்டரை வைத்து, அதில் இருப்பதுதான் சட்டம் என்று அறிவித்துவிடலாம். பிரிண்டர்களை ஒன்றோடொன்று ஒப்பிட வேண்டாம். ஃபோல்டரில் இருந்து பிரிண்டரில் இல்லையா, ஏற்று. பிரிண்டரில் இருந்து ஃபோல்டரில் இல்லையா, அழி. அதிகாரம் ஒரே இடத்தில் இருக்கும்போது ‘இல்லை’ என்பதற்கு ஒரே அர்த்தம்தான். குடோன் பிரிண்டர் ஆறு மாதம் கழித்து வந்தாலும் முதல் சுற்றிலேயே அதன் பழைய லேபிள் போய்விடும்.

ஆபத்து வேறு பக்கம் உண்டு. யாராவது தவறுதலாக அந்த ஃபோல்டரைக் காலி செய்தால் அரை மணியில் ஆறு பிரிண்டரும் காலி. ஒரே சுற்றில் இரண்டு மூன்று கோப்புக்கு மேல் அழிக்க வேண்டி வந்தால் நிறுத்திவிட்டு ஆளைக் கூப்பிடும்படி புரோகிராமில் ஒரு நிபந்தனை போடச் சொல்லுங்கள். பிரிண்டரோடு வந்த எழுத்துருக்களைத் தொடாதபடியும் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். கோப்பை அனுப்பியதோடு நில்லாமல் பிரிண்டரிடம் பட்டியலைத் திரும்பக் கேட்டுச் சரிபார்க்க வேண்டும். நெட்வொர்க்கில் பைட்டுகள் போய்ச் சேர்ந்தன என்பதற்கும் கோப்பு சேமிக்கப்பட்டது என்பதற்கும் வித்தியாசம் உண்டு. ஆறில் ஏதாவது ஒன்று மட்டும் 300 டிபிஐ மாடலா என்றும் பாருங்கள். மில்லிமீட்டருக்கு 8 புள்ளி வைக்கும் 203 டிபிஐ பிரிண்டருக்கு எழுதிய வடிவம், 12 புள்ளி வைப்பதில் மூன்றில் இரண்டு பங்காகச் சுருங்கி லேபிளின் மூலையில் ஒதுங்கும். அதற்குத் தனிக் கோப்பு வேண்டும்.

விலையை வடிவத்துக்குள்ளேயே எழுதி வைப்பது அடிப்படையில் கோணல். நிறையக் கடைகளில் அப்படித்தான் ஓடுகிறது என்பது வேறு விஷயம். விலை, பேட்ச் எண், பேக் செய்த தேதி மூன்றுக்கும் காலி இடம் விட்ட ஒரே வடிவத்தை ஏற்றி வைத்துவிட்டு, அச்சிடும்போது பில்லிங் சாஃப்ட்வேரிலிருந்து அனுப்பினால், அடுத்த வரி மாற்றத்தின்போது பிரிண்டரைத் தொடவே வேண்டாம்.

விற்பனைப் பிரதிநிதி மறுபடி வந்தால் ஒரு சோதனை கேளுங்கள்: ஒரு பிரிண்டரை அணைத்து ஒரு மாதம் அலமாரியில் வைக்க வேண்டும், நடுவில் ஒரு கோப்பை அழிக்க வேண்டும், பிறகு அதை ஆன் செய்து காட்ட வேண்டும். எந்தச் சாஃப்ட்வேர் வாங்கினாலும் சரி, பழைய புரோகிராமைத் திருத்தினாலும் சரி, ரிப்பேரிலிருந்து வரும் பிரிண்டருக்கு உடனே நெட்வொர்க் கேபிளைச் செருகாதீர்கள். உள்ளே இருக்கும் கோப்புகளின் பட்டியலை லேபிளிலேயே அச்சிட்டுக் காட்டும் கட்டளை இசட்பிஎல்லில் இருக்கிறது. யுஎஸ்பி வழியாக அதை அனுப்பி, பட்டியலைப் படித்துவிட்டுச் செருகுங்கள்.